கட்டடம் யாரைப் பார்த்து நிற்கிறது? டிஜோன் தெருக்களில் பழைய பிரான்சைப் படிக்க ஒரு தொடக்கம்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ‘ஓத்தேல் தெ வீல்’ என்றொரு கட்டடம் உண்டு. 2014-ல் மழைக்காலத்தில் இடிந்து விழுந்து, பிறகு பழைய உருவிலேயே எழுப்பப்பட்டது. பெயரில் ஓட்டல் இருந்தாலும் அங்கே சாப்பாடும் கிடையாது, தங்க அறையும் கிடையாது. அது நகராட்சிக் கட்டடம். பிரெஞ்சில் ‘ஓத்தேல்’ என்றால் முதற்பொருள் பெரிய இல்லம். ‘ஓத்தேல் தெ வீல்’ நகரத்தின் இல்லம். ‘ஓத்தேல் தியூ’, அதாவது கடவுளின் இல்லம், பழைய காலத்து மருத்துவமனை. ‘ஓத்தேல் பர்த்திக்யுலியே’ என்றால் ஒரு தனிக் குடும்பம் தனக்கென்று நகரத்துக்குள் கட்டிக்கொண்ட மாளிகை.

பழைய பிரெஞ்சு நகரம் ஒன்றில் முதன்முறையாக நடப்பவரைத் திணறடிப்பவை மூன்று: தேவாலயங்கள், சதுக்கங்கள், இந்த மாளிகைகள். எங்கு பார்த்தாலும் ஒரே வெளிர் சுண்ணாம்புக் கல். வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்தால் ரோமனெஸ்க் பாணி, கோதிக் பாணி, மறுமலர்ச்சிப் பாணி என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். இரண்டாவது தெருவுக்குள் எல்லாம் குழம்பிவிடும். பாணிப் பெயர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். இந்தக் கட்டடம் யாரைப் பார்த்து நிற்கிறது? முகப்பு எந்தப் பக்கம், யார் கண்ணுக்காக? இதற்கு விடை தேடத் தொடங்கினாலே பாதி நகரம் புரிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு டிஜோன் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். பிரான்சின் கிழக்கே, பர்கண்டிப் பகுதியின் தலைநகரம். பழைய நகரத்தைக் கால்நடையாகவே சுற்றிவிடலாம். 1962-ல் பிரான்ஸ் பழைய நகர்ப்பகுதிகளைக் காக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. அப்போதைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோவின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். அதன்படி 1966-லேயே டிஜோனின் 97 ஹெக்டேர் நிலப்பரப்பு பாதுகாக்கப்பட்ட பகுதியானது. அதனால்தான் இங்கே ஒரு கட்டடம் மட்டும் தனித்துப் பிழைத்து நிற்கவில்லை. அதன் அண்டை வீடு, எதிர்வீடு, சந்து எல்லாம் சேர்ந்தே பிழைத்திருக்கின்றன. யாரைப் பார்த்து நிற்கிறது என்று கேட்க வேண்டுமானால் எதிரே இருந்ததும் இருக்க வேண்டும் அல்லவா?

வரலாறு கொஞ்சம் வேண்டும். 1363 முதல் 1477 வரை வலுவா வம்சத்துக் கோமகன்கள் நால்வர் பர்கண்டியை ஆண்டார்கள். இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து வரை அவர்கள் கை நீண்டிருந்தது. பிரெஞ்சு அரசனுக்கே அவர்களைக் கண்டால் கலக்கம். கடைசிக் கோமகன் சார்லஸ் 1477 ஜனவரியில் நான்சி நகரத்துக்கு வெளியே போரில் விழுந்தார். உடனே அரசன் பதினோராம் லூயி பர்கண்டியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டான். கோமகன் இல்லாத அரண்மனை மிஞ்சியது. ஆனால் நகரம் வெறிச்சோடவில்லை, ஏனென்றால் பர்கண்டிக்கென்று ஒரு ‘பர்லமான்’ அமைக்கப்பட்டு டிஜோனில் நிலைகொண்டது. பெயரைப் பார்த்து நாடாளுமன்றம் என்று எண்ண வேண்டாம். இது மாகாணத்தின் உயர் நீதிமன்றம். கோமகன்கள் போய் நீதிபதிகள் வந்தார்கள் என்ற இந்த ஒரு மாற்றம் டிஜோனின் தெருக்களில் எப்படிக் கல்லாக நிற்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மேற்கே வாசல், கிழக்கே பீடம்

தேவாலயத்திலிருந்து தொடங்கலாம். மரபுப்படி பலிபீடம் கிழக்கே இருக்கும், கும்பிடுகிறவர்கள் சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து நிற்பார்கள். அதனால் பெரிய வாசல் மேற்கே அமையும். தேவாலயத்தின் அலங்காரம் பெரும்பாலும் அந்த மேற்கு முகப்பில்தான் குவிந்திருக்கும். உள்முகம் கடவுளுக்கு, வெளிமுகம் ஊருக்கு.

காலத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி வளைவைப் பார்ப்பது. டிஜோனில் இதைச் சொல்லிக்கொடுக்கவே கட்டியதுபோல மூன்று தேவாலயங்கள் உள்ளன. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சேன் ஃபிலிபேரில் (‘சேன்’ என்றால் புனித) அரைவட்ட வளைவுகள், தடித்த சுவர்கள், சின்னச் சின்ன ஜன்னல்கள். கல்லால் வளைத்துக் கட்டிய கூரை சுவர்களை இருபுறமும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க அன்று தெரிந்த வழி சுவரைத் தடிப்பாக்குவது ஒன்றுதான். அடுத்த நூற்றாண்டில் வந்த நோத்ர் தாமில் வளைவின் நுனி கூர்ந்துவிட்டது. கூர்நுனி வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளாமல் கீழ்நோக்கி இறக்கும். மிச்சத் தள்ளலை வெளியே நிற்கும் உதைசுவர்கள் வாங்கிக்கொள்ளும். சுவர் மெலிந்து இடம் கண்ணாடிக்குப் போனது. இதுதான் கோதிக் பாணி. மூன்றாவது சேன் மிஷேல். உடல் கோதிக், ஆனால் முகப்பு கட்டி முடிவதற்குள் இத்தாலியக் காற்று வீசத் தொடங்கிவிட்டது. அதனால் வாசல் வளைவுகள் மறுபடியும் அரைவட்டம், மேலே பழைய ரோமானியத் தூண்களைப் பின்பற்றிய அடுக்குகள். அந்த வாசலில் பைபிள் உருவங்களுக்குப் பக்கத்திலேயே ஹெர்குலிஸும் அப்பல்லோவும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டுப் படிப்பாளிகளுக்கு அது முரணாகத் தெரியவில்லை.

சேன் மிஷேலைக் கடந்துவிடலாம். நோத்ர் தாம் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மூன்றில் எனக்கு நெருக்கமானது இதுதான். ஏறக்குறைய 1220-க்கும் 1250-க்கும் இடையே எழுந்த இது ஆயரின் தேவாலயம் இல்லை. டிஜோனுக்கு ஆயர் என்று ஒருவர் வந்ததே 1731-ல்தான். இது கடைத்தெரு மக்களின் பங்குக் கோவில். அதைச் சுற்றி ஏற்கெனவே வீடுகள் நெருக்கிக்கொண்டிருந்தன. அகன்ற வெளியில் உட்கார அதற்கு இடம் கிடைக்கவில்லை. பெயர் தெரியாத அந்தக் கட்டடக் கலைஞர் செய்தது துணிச்சலான காரியம். இரண்டு பெரிய கோபுரங்களை முன்னால் நிறுத்தாமல், முகப்பை ஒரு திரைபோலத் தட்டையாக, செங்குத்தாக எழுப்பினார். கீழே மூன்று பெரிய வளைவுகளுள்ள முன்மண்டபம். அதன்மேல் மெல்லிய தூண்கள் வரிசையாக நிற்கும் இரண்டு மாடங்கள். அந்த மாடங்களுக்குக் கீழும் மேலும் இடையிலுமாக மூன்று வரிசைகளில் 51 கல் உருவங்கள் தெருவை நோக்கிக் கழுத்தை நீட்டுகின்றன: மிருகங்கள், மனிதர்கள், இரண்டுக்கும் இடைப்பட்ட பூதங்கள்.

இவற்றைப் பார்த்ததும் மழைநீர்த் தூம்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிற கோதிக் தேவாலயங்களில் அப்படித்தான். கூரைத் தண்ணீர் அந்த வாய்கள் வழியாகச் சுவரில் படாமல் தள்ளி விழும். ஆனால் டிஜோனில் இவை வெறும் அலங்காரம், தண்ணீர் வராது. ஏன் வைத்தார்கள் என்பதற்கு முகப்பே பதில் சொல்கிறது. எதிரே ஒடுங்கிய இடம். நின்று பார்ப்பவர் தலையை அண்ணாந்துதான் பார்க்க முடியும். அண்ணாந்த கண்ணுக்கு நேராக வந்து நிற்பது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உருவம்தான். தட்டையான சிற்பம் அந்தக் கோணத்தில் தெரியாமலே போகும்.

இந்த உருவங்களைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு கதை வழங்குகிறது. வட்டிக்குக் கொடுத்துப் பணம் சேர்த்த ஒருவர் தன் திருமண நாளில் இந்த வாசலுக்கு வந்தாராம். முகப்பில் வட்டிக்காரர் ஒருவரின் கல் உருவம் இருந்தது. அந்தக் கல் வட்டிக்காரரின் கையிலிருந்த பணப்பை உடைந்து உயிருள்ள வட்டிக்காரரின் தலையில் விழ, அங்கேயே இறந்தார். ஊர் வட்டிக்காரர்கள் பணம் கொடுத்து மற்ற உருவங்களையும் அகற்ற வைத்தார்கள் என்று கதை முடிகிறது. நாம் இன்று பார்ப்பவை 1880-களின் தொடக்கத்தில் நடந்த மறுசீரமைப்பில் செதுக்கியவை. வாசல்களில் இருந்த பழைய சிற்பங்கள் பிரெஞ்சுப் புரட்சியின்போது சுத்தியலுக்கு இரையாகிவிட்டன. அந்த வெற்றிடத்தை எந்தக் கைவேலையாலும் நிரப்பாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது, ஆனால் விட்டதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அதே முகப்பின் உச்சியில் ஒரு கடிகாரம். மணி அடிக்க ஓர் உலோக மனிதன், பெயர் ஜாக்மார். 1382-ல் கோமகன் ஃபிலிப், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஃபிளாண்டர்சில் கிளர்ச்சியை அடக்கிவிட்டுத் திரும்பும்போது கோர்த்ரைக் நகரத்திலிருந்து கழற்றி எடுத்துவந்த போர்க் கொள்ளை இது. தன் அரண்மனையில் வைக்காமல் மக்களின் தேவாலயத்தின் மேல் வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். நகரம் முழுவதும் தன் வெற்றியின் மணியோசையைக் கேட்க வேண்டுமானால் அதற்கு உயரமான, எல்லோரும் பார்க்கிற முகப்பு அதுதான். ஊர்க்காரர்கள் பிறகு ஜாக்மார் தனியாக நிற்பதைப் பார்த்துப் பொறுக்காமல் 1651-ல் ஒரு மனைவியைக் கொடுத்தார்கள், 1714-ல் ஒரு மகனை, 1884-ல் ஒரு மகளை. கொள்ளைப் பொருள் ஒன்று ஐந்நூறு ஆண்டில் குடும்பஸ்தனாகிவிட்டது.

தெருவைப் பார்த்த வீடுகள்

நோத்ர் தாமைச் சுற்றியுள்ள தெருப் பெயர்களே தொழில்களைச் சொல்லும். ஃபோர்ஜ் தெரு கொல்லர்களுடையது, வெர்ரி தெரு கண்ணாடிக்காரர்களுடையது, ஷோதிரோன்ரி தெரு செம்புப் பாத்திரம் அடிப்பவர்களுடையது. வியாபாரியின் வீட்டுக்கு முகம் தெருவில்தான் இருந்தாக வேண்டும், ஏனென்றால் பிழைப்பு தெருவில்தான். 1483-ல் கியோம் மில்லியேர் என்ற துணி வியாபாரி கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. மரச்சட்டங்களைக் கூட்டி இடையில் செங்கல் அடைத்த சுவர், கீழே கடை, மேலே குடியிருப்பு. 1603-ல் செம்புத் தொழில் செய்த பூஃபியே குடும்பம் கட்டிய வீட்டில் முகப்பு முழுவதும் கல்லுருவங்கள் நின்று உத்தரங்களைத் தாங்குகின்றன. அந்தச் சின்ன இடத்துக்குள் தன் செல்வத்தை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இதை நினைவில் வையுங்கள். அடுத்து வரும் பணக்காரர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்யப்போகிறார்கள்.

வாசல், முற்றம், தோட்டம்

பர்லமானில் நீதிபதிப் பதவி அன்று விலைக்கு வாங்குவது. 1604 முதல் அரசுக்கு ஆண்டுதோறும் பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கைக் கட்டிவந்தால் அந்தப் பதவியைப் பிள்ளைக்கும் விட்டுச்செல்லலாம் என்று விதி வந்தது. பதவி சொத்தானது, சொத்து பரம்பரையானது, கூடவே உயர்குடிப் பட்டமும் ஒட்டிக்கொண்டது. வாளால் வந்த பழைய பிரபுக்களிலிருந்து பிரித்துக் காட்ட இவர்களை ‘அங்கிப் பிரபுக்கள்’ என்பார்கள். நீதிபதியின் நீண்ட அங்கியால் வந்த பெருமை. புதிதாகக் கிடைத்த அந்தப் பெருமைக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. டிஜோனில் இப்படி எழுந்த மாளிகைகள் நூற்றுக்கும் மேல்.

இவற்றின் அமைப்பை ‘முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே’ என்று பிரெஞ்சில் ஒரே தொடரால் சொல்வார்கள். தெருவில் நின்றால் உங்களுக்குத் தெரிவது உயர்ந்த சுவர், நடுவில் ஒரு பெரிய மரக்கதவு. கதவு அவ்வளவு உயரமாக இருப்பது குதிரை வண்டி ஓட்டுநரோடு அப்படியே உள்ளே நுழைய. கதவு நிலையின் இரண்டு அடிமூலைகளிலும் குட்டையாக ஒரு கல் நட்டிருப்பார்கள். வண்டிச் சக்கரத்தின் அச்சு சுவரை உரசாமல் காப்பது அதன் வேலை. பிரெஞ்சு நகரங்களில் எங்கே இந்தக் குட்டைக் கல் இருந்தாலும் அங்கே ஒரு காலத்தில் வண்டி வைத்திருந்த வீடு இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

கதவைத் தாண்டினால் முற்றம். நம் வீட்டு முற்றம்போல வீட்டின் நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பது இல்லை. இது வீட்டுக்கு முன்னால், தெருவுக்கும் வீட்டுக்கும் இடையில் வைத்த இடைவெளி. இருபுறமும் நீளும் பக்கக் கட்டடங்களில் குதிரை லாயம், சமையல்கட்டு, வேலையாட்களின் அறைகள். எதிரே வீட்டின் மெய்யான முகப்பு, படிகள், சிற்பங்கள். வீட்டுக்குப் பின்னால் தோட்டம். தோட்டத்தைப் பார்த்தும் ஒரு முகப்பு உண்டு. பெரும்பாலும் அதில்தான் ஜன்னல்கள் மிக உயரமாக, வெளிச்சம் தாராளமாக இருக்கும். ஆக இந்த வீட்டுக்கு இரண்டு முகங்கள், இரண்டும் தெருவுக்குக் கிடையாது.

ஏன் இப்படி? தெருச் சத்தமும் சேறும் நாற்றமும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், யார் எதுவரை வரலாம் என்று தீர்மானிக்கும் வசதி. வழக்குக்காரர்கள் நீதிபதியை வீட்டிலேயே போய்ப் பார்ப்பது அன்றைய நடைமுறை. ஒருவர் கதவோடு திருப்பி அனுப்பப்படுவார், இன்னொருவர் முற்றத்தில் காத்திருப்பார், மற்றொருவருக்குப் படியேற அனுமதி, மிக வேண்டியவருக்குத் தோட்டம். வியாபாரி எல்லோரையும் ஈர்க்கத் தெருவில் முகம் காட்டினார். நீதிபதியோ முகத்தை உள்ளே வைத்து, அதைக் காண்பதையே ஒரு சலுகையாக்கினார்.

புதுச்சேரியில் இந்த வேறுபாட்டை ஒரே நடையில் பார்த்துவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த கடற்கரைப் பகுதி வீடுகள் உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவுமாகத் தெருவுக்கு மூடிக்கொண்டு, உள்ளே முற்றத்தையும் மரங்களையும் வைத்திருக்கின்றன. கால்வாய்க்கு மேற்கே தமிழர் தெருக்களின் வீடுகள் திண்ணையையும் தாழ்வாரத்தையும் தெருவுக்கே கொடுத்து, வழிப்போக்கரை உட்காரச் சொல்கின்றன. மதிலும் வாயிலும் உள்முற்றமும் கொண்ட அந்தப் பிரெஞ்சு வழக்கத்துக்குத் தாய்வீடு டிஜோன் போன்ற நகரங்கள்தான்.

டிஜோனில் எல்லா மாளிகைகளுக்குள்ளும் போக முடியாது. பல இன்று குடியிருப்புகள், அலுவலகங்கள். போக முடிகிறவற்றில் முதலில் பார்க்க வேண்டியது ஓத்தேல் தெ வோகுவே. பர்லமான் உறுப்பினர் எத்தியேன் பூயியே கட்டி 1614-ல் முடித்தது. பிறகு 18-ஆம் நூற்றாண்டில் திருமண உறவால் வோகுவே குடும்பத்துக்கு வந்து அந்தப் பெயரே நிலைத்தது. இப்போது நகராட்சிக்குச் சொந்தம். தெருவிலிருந்து பார்த்தால் தெரிவது கூரைதான்: மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு என்று மெருகேற்றிய ஓடுகள் சாய்சதுரக் கோலங்களாக அடுக்கியிருக்கும். பாய் முடைந்ததுபோல ஒரு நெருக்கம். முற்றத்தை அடையும் இடத்தில் மூன்று வளைவுகள் கொண்ட மண்டபம், விரல்விடக் கூட இடமில்லாமல் மாலைகளும் பழக்கொத்துகளும் செதுக்கப்பட்டிருக்கும். தெருச் சுவரின் அடக்கத்தையும் இந்த மண்டபத்தின் ஆர்ப்பாட்டத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நான் மேலே சொன்ன நான்கு பத்தியும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

இன்னொன்று ஃபோர்ஜ் தெருவில் இருக்கும் ஓத்தேல் ஷாம்பெல்லான். நீதிபதிகளின் காலத்துக்கு முந்தியது, 1490-ஐ ஒட்டிக் கட்டியது. நகரத் தலைவராக இருந்த ஆன்ரி ஷாம்பெல்லானின் குடும்ப வீடு. ஒடுங்கிய நடையைத் தாண்டி உள்முற்றத்துக்குப் போனால் ஒரு சுழல் படிக்கட்டு இருக்கிறது. அதன் உச்சியில் தோட்டக்காரர் ஒருவரின் சிலை, தோளில் ஒரு கூடை. அந்தக் கூடையிலிருந்து கிளம்பும் கல் விலாக்கள் பனையோலைபோல விரிந்து கூரையைத் தாங்குகின்றன. கட்டடத்தின் பாரம் முழுவதும் ஒரு வேலையாளின் கூடையிலிருந்து முளைப்பதாகக் காட்டிய அந்தச் சிற்பியை நினைத்து நினைத்து வியக்கிறேன். அதைக் காண மேலேறி அண்ணாந்தாக வேண்டும்.

அரசனுக்காக ஓர் அரைவட்டம்

இனி சதுக்கம். டிஜோனின் பெரிய சதுக்கம் சதுரமே இல்லை, அரைவட்டம். பழைய கோமகன்களின் அரண்மனைக்கு முன்னால், 1686-ல் தொடங்கி, வெர்சாய் அரண்மனையை விரிவாக்கிக் கட்டிய ஜூல் ஆர்துவேன் மான்சாரின் திட்டப்படி அமைத்தார்கள். அதற்குமுன் அங்கே வீடுகள் நெருக்கியிருந்தன. அவற்றை அகற்றி, அரண்மனைக்கு எதிரே அரைவட்டமாக ஒரே மாதிரியான வளைவுகளை எழுப்பி, அவற்றின் தலையில் கல் கைப்பிடிச் சுவர் ஒன்றை ஓட்டினார்கள். அந்த வளைவுகளுக்குப் பின்னால் இருப்பவை வெவ்வேறு ஆட்களின் வெவ்வேறு உயர வீடுகள். ஆனால் சதுக்கத்தில் நிற்பவருக்கு ஒரே முகம்தான் தெரியும். அந்த முகத்தை வேண்டுமென்றே தாழ்வாக வைத்தார்கள், எதிரே இருக்கும் அரண்மனை உயர்ந்து தெரிய.

‘அரச சதுக்கம்’ என்பது ஒரு பிரெஞ்சுக் கண்டுபிடிப்பு என்றே சொல்லலாம். அதில் மூன்று விதிகள்: நடுவில் அரசனின் சிலை, சுற்றிலும் ஒரே சீரான முகப்புகள், எல்லா முகப்புகளும் சிலையைப் பார்த்து நிற்பது. வீடு கட்டுகிறவர் தன் விருப்பப்படி ஜன்னல் வைக்க முடியாது. குடிமக்கள் ஒரே உடையில் வரிசையாக நின்று வணங்குவதைக் கல்லில் செய்துகாட்டுவதுதான் அது.

டிஜோனில் நடுவில் நிற்க வேண்டியவர் பதினான்காம் லூயி, குதிரைமேல். எத்தியேன் லெ ஓங்கர் என்ற சிற்பி வெண்கலத்தில் வார்த்தார். பாரிசிலிருந்து ஆற்றுவழியாகப் படகில் ஆக்சேர் வரை வந்தது. அதற்கப்பால் தரைவழி. அவ்வளவு கனமான சிலையை இழுத்துவர அன்றைய சாலைகள் இடம்கொடுக்கவில்லை. ஒரு கிராமத்துக் கொட்டகையில் கால் நூற்றாண்டுக்கும் மேல் அரசன் குதிரையோடு கிடந்தான். சிலை கடைசியில் டிஜோனில் பீடமேறியது 1725-ல். மெய்யான பதினான்காம் லூயி இறந்து அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது. 1792-ல் புரட்சிக்காரர்கள் அதை இறக்கி உருக்கினார்கள். அறுபத்தேழு ஆண்டுகள்தான் நின்றது.

சிலை போனபிறகும் அரைவட்டம் அப்படியே நிற்கிறது, எல்லா வளைவுகளும் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு. பெயர் மாறிக்கொண்டே வந்தது: அரச சதுக்கம் படைக்கலச் சதுக்கமானது, 1944 செப்டம்பர் 11-ல் ஜெர்மானியப் படையிடமிருந்து நகரம் மீண்டபின் விடுதலைச் சதுக்கமானது. நீண்டகாலம் வெறும் கார் நிறுத்தமாகவும் இருந்தது. 2006-ல் வண்டிகளை வெளியேற்றி, வெளிர்கல் பாவி, தரையிலிருந்து பீறிடும் நீரூற்றுகளை வைத்தார்கள். இப்போது கோடை மாலைகளில் குழந்தைகள் அந்தத் தண்ணீரில் ஓடுகிறார்கள்.

மேலிருந்து பார்த்தால் அரைவட்டம் இன்னும் நன்றாகப் புரியும். அரண்மனைக்குள்ளிருந்து எழும் ஃபிலிப் கோபுரத்துக்கு 46 மீட்டர் உயரம், 316 படிகள். ஏறினால் சதுக்கம் விசிறியை விரித்து வைத்ததுபோலக் கீழே கிடக்கும்.

இதற்கு மாறான இன்னொரு சதுக்கமும் நகரில் உண்டு. டிஜோனில் பிறந்த சிற்பி ஃபிரான்சுவா ரூதின் பெயரைத் தாங்கியது. பாரிசின் வெற்றி வளைவில் தொண்டர்களைப் போருக்கு அழைத்துப் பாயும் அந்தப் புகழ்பெற்ற சிற்பத்தைச் செய்தவர் அவர். பழைய வீடுகளை இடித்த இடத்தில் 1904-ல் இந்தச் சதுக்கம் அமைந்தது. நடுவில் நீரூற்று, அதன்மேல் திராட்சை மிதிக்கும் ஒரு தொழிலாளியின் சிலை. சுற்றியுள்ள வீடுகள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை, சில மரச்சட்டம், சில கல். திட்டமிட்ட கம்பீரம் எதுவும் கிடையாது. ஆனால் ஊர்க்காரர்கள் சந்திக்கும் இடமாகச் சொல்வது இதைத்தான்.

முகப்பு இருக்கிறது, உள்ளே ஆள் மாறிவிட்டார்

1789-க்குப் பிறகு இந்தக் கட்டடங்களுக்கெல்லாம் சோதனைக் காலம். தேவாலயச் சொத்துகள் நாட்டுடைமையாயின. சேன் பெனீஞ் மடத்தின் பின்னால் 1018-ல் திருநிலைப்படுத்திய ஒரு வட்ட வடிவக் கோவில் இருந்தது, மூன்று அடுக்கு உயரம். 1792-ல் மேலடுக்குகளை இடித்து, அடித்தளத்தை மண்போட்டு மூடினார்கள். அதே ஆண்டில்தான் பக்கத்திலிருந்த மடத்துத் தேவாலயம் ஆயரின் பேராலயமானது. புதைந்த அடித்தளத்தை 1843-ல் தற்செயலாகக் கண்டெடுத்தார்கள். இன்று கீழே இறங்கிப் போகலாம். ஆயிரம் ஆண்டுப் பழைய தூண்காடு.

சேன் எத்தியேன் தேவாலயம் தானியச் சந்தையானது. இப்போது அதன் ஒரு பகுதியில் ரூத் அருங்காட்சியகம். சேன் ழான் நாடக அரங்கு. டொமினிக்கன் துறவியர் மடம் இருந்த இடத்தில் 1870-களில் இரும்பாலான சந்தைக் கூடம் எழுந்தது.

சேன் ஃபிலிபேருக்கு நேர்ந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூடப்பட்ட தேவாலயத்தைக் கிடங்காக்கி உப்பு மூட்டைகளை அடுக்கினார்கள். உப்பு தரைக்குள் இறங்கித் தங்கிவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் எதுவும் நடக்கவில்லை. 1970-களில் கட்டடத்தைப் பயன்படுத்த வசதியாகச் சூடேற்றும் கான்கிரீட் தளம் ஒன்றைப் போட்டார்கள். மண்ணின் ஈரம் மேலே வர வழியில்லாமல் தூண்களுக்குள் ஏறியது, உப்பையும் கூட்டிக்கொண்டு. கடலோர வீடுகளில் ஓதம் ஏறிச் சுவர் பொரிந்து கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஈரம் காய, கல்லின் நுண்துளைகளுக்குள் உப்பு படிகமாகி விரிந்து, 12-ஆம் நூற்றாண்டுத் தூண்கள் மாவாக உதிர்ந்தன. தேவாலயத்தைப் பல ஆண்டுகள் மூடி வைத்து, தளத்தை உடைத்தெடுத்து, கல்லிலிருந்து உப்பை இழுக்க வேண்டியிருந்தது. நல்லது செய்யப் போட்ட தளம்தான் புரட்சியைவிட அதிகம் கெடுத்தது.

போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நடைபாதைக் கற்களில் ஆந்தை உருவம் பொறித்த சின்னப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கும். அவற்றைப் பின்தொடர்ந்தால் 22 இடங்களைத் தொட்டு நகரைச் சுற்றிவிடலாம். அந்த ஆந்தையின் மூலச் சிற்பம் நோத்ர் தாமின் வடபக்கம், வோகுவே மாளிகை இருக்கும் அதே தெருவில் இருக்கிறது. தோட்டக்காரர் சிலை வைத்த ஷாம்பெல்லான் குடும்பம் கட்டிய சிற்றாலயத்தின் உதைசுவர் மூலையில், கையெட்டும் உயரத்தில், யாரோ ஒரு கல்தச்சர் செதுக்கி வைத்தது. ஏன் செதுக்கினார் என்பதற்கு உறுதியான விடை எதுவும் கிடைக்கவில்லை. இதயம் இருக்கும் பக்கத்துக் கையான இடக்கையால் தொட்டு வேண்டிக்கொண்டால் நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. 2001-ல் யாரோ சுத்தியலால் அடித்து உடைத்தபோது நகரமே பதறியது; முன்பே எடுத்து வைத்திருந்த அச்சைக் கொண்டு சரிசெய்தார்கள். இத்தனை தலைமுறைக் கைகள் பட்டுப் பட்டு அதற்குக் கண்ணும் இல்லை, அலகும் இல்லை. வழவழவென்று ஒரு கல் மேடு, அவ்வளவுதான். அம்மாக்கள் குழந்தைகளை இடுப்பில் தூக்கி, வலக்கையை மெல்ல விலக்கி, இடக்கையை எடுத்து அதன்மேல் வைக்கிறார்கள்.